தெய்வநாயகிக்குக் கிடைத்த முறை

எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஆணுக்கு மட்டும்தான் ஏரியில் முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஒருவனுடைய முறை நாளில் அந்தத் தண்ணீர் அவனுடையது. அடுத்தவன் அதில் கை வைக்கக் கூடாது, என்ன கிடைத்தது என்றும் கேட்கக் கூடாது. சண்டை வராமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் புருஷன் செத்தால் அவன் முறையும் அவனோடு போய்விடும். பெண்டாட்டிக்கும் வராது, பெண் பிள்ளைக்கும் வராது. தெய்வநாயகிக்கு அப்படித்தான் போனது.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இருமினால்கூடக் கேட்கும். அவள் புருஷன் தன் முறை நாளில் இறால் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்தார், அவ்வளவுதான். கருமாதி முடிந்த கையோடு அவருடைய அண்ணன் துளசிங்கமும் தம்பி தினகரனும் வந்து வலையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆம்பளை இல்லாத வீட்டில் வலை எதற்கு என்றார்கள். அவள் வாயே திறக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூருக்கு மீன் விற்கப் போனாள், மகள் சுபஸ்ரீயைப் படிக்க வைத்தாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

சுபஸ்ரீ சென்னையில் ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அங்கே யாரோ ஒரு பணக்காரர் பச்சோந்திக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், செலவைக் கேட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாராம். நம் வேலிப் பச்சோந்தி இல்லை. அதைக் கூண்டில் வைத்தால் வனத்துறைக்காரர் பிடித்து நம்மைக் கூண்டில் வைப்பார். இது ஏமன் நாட்டு ஜாதி, தலையில் பெரிய கொண்டை இருக்கும். வெறும் புழுவாகப் போட்டு, சுண்ணாம்புச் சத்தே கொடுக்காமல் வளர்த்ததில் முன்னங்கால் இரண்டும் வளைந்துவிட்டன. குச்சியைப் பிடிக்கத் தெம்பில்லாமல் விழுந்து விழுந்து கிடந்தது. சுபஸ்ரீ அதைத் தூக்கிவந்து அம்மாவின் மடியில் விட்டாள்.

கூடவே இரண்டு டப்பா. "ம்மா, இந்த வெள்ளை மூடி சுண்ணாம்புச் சத்து. தெனமும் பூச்சி மேல லேசா தூவிக் குடு. சிவப்பு மூடி வைட்டமின். மாசத்துக்கு ரெண்டு வாட்டி, ஒரு சிட்டிகை போதும். ஜாஸ்தியா போட்டா வெளிய போவாது, உடம்புலயே தங்கி விஷமாயிடும்."

தெய்வநாயகி அந்த வார்த்தை பிசகாமல் நடந்தாள். மீன் விற்றுத் திரும்பும் வழியில் காட்டூரில் இறங்கி, வயலோரம் வெட்டுக்கிளி பிடித்து வருவாள். வந்ததும் போட மாட்டாள். ஒரு ராத்திரி முழுக்க அதுகளுக்கு முருங்கைக்கீரை போட்டு வைத்து, மறுநாள் பொடி தூவிக் கொடுப்பாள். பூச்சி எதைத் தின்கிறதோ அதுதான் இதன் உடம்பில் ஒட்டுமாம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் தெளித்தால் நக்கும். அதற்காகவே செம்பருத்திக் கிளை ஒடித்து வைப்பாள். காலை வெயிலில் கூண்டை வைத்து, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஓர் அடி எடுத்து வைக்க அது அத்தனை யோசிப்பதைப் பார்த்து, துரை என்று பெயர் வைத்தாள். வளைந்த கால் நிமிரவில்லை, ஆனால் பிடி இறுகியது. நாக்கை நீட்டி ஒரே வீச்சில் பூச்சியைப் பிடித்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. புருஷன் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். துரையின் சேதி எப்படியோ அவர்கள் காதுக்குப் போய், படகை விட்டு இறங்கியதும் தெய்வநாயகி வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். கூடை தூக்காமல் அவள் கைக்கு வந்த காசு அது. அதுவரை அந்தக் கூண்டைத் திரும்பிப் பார்க்காத துளசிங்கத்துக்கு அப்போதுதான் குடும்ப மானம் ஞாபகம் வந்தது. வீட்டுப் பொம்பளை கண்டவன் முன்னால் நிற்பதாவது என்றார். கூண்டையும் இரண்டு டப்பாவையும் படகுத்துறைக்கு எடுத்துப் போனார். ஏரிக்கு உள்ளது போலவே அதற்கும் முறை வைத்தார்கள். ஒருநாள் அண்ணன், ஒருநாள் தம்பி.

"எனக்கு?" என்று கேட்டாள் தெய்வநாயகி. வாயைத் திறந்து அவள் முதன்முதலில் கேட்டது அதுதான்.

"பொம்பளைக்கு ஏது முறை?" என்றார் துளசிங்கம். நான் சண்டைக்குப் போனேன். உன் வூட்டு வேலையப் பாரு என்று என்னையும் அடக்கினார்.

துரைக்குக் கலர் ஏறினால் கூட்டம் சேரும். கலருக்குச் சிவப்பு டப்பாதான் என்று இருவரும் தனித்தனியாக முடிவு கட்டினார்கள். அண்ணன் தன் முறையில் போட்டார், தம்பி தன் முறையில் போட்டான். வெள்ளை டப்பாவை ஒருத்தரும் தொடவில்லை. தெய்வநாயகி படகுத்துறைக்கே போய்ச் சொன்னாள், மாசத்துக்கு ரெண்டு வாட்டிதான் என்று.

"நான் கொஞ்சமாத்தான் போடறேன் அண்ணி" என்றான் தினகரன்.

"உங்க அண்ணனும் போடறாரே."

"அவர் முறையில அவர் இன்னா போடறார்னு நான் எப்படிக் கேக்கறது? அவர் கேப்பாரா என்னிய?"

அது அவனுக்கு நியாயமாகவே பட்டது. ஏரியில் பழகிய பழக்கம் அப்படி. அடுத்தவன் முறையில் என்ன நடந்தது என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் துரையின் கழுத்து வீங்க ஆரம்பித்தது. சதை போட்டிருக்குது பாரு என்று வந்தவர்களிடம் பெருமை பேசினார் துளசிங்கம். பிறகு ஒரு கண் திறக்கவில்லை. பூச்சியைப் பார்த்தால் வாய் திறக்கும், நாக்கு பாதி தூரம்கூடப் போகாது. அப்போதும் வாயைப் பிளந்து பொடியைத் திணித்தார்கள்.

பொங்கலுக்கு வந்த சுபஸ்ரீ பார்த்ததும் பதறினாள். "பெரிப்பா, இது சதை இல்ல, வீக்கம். நான் எடுத்துட்டுப் போறேன். இன்னிக்கே வைத்தியம் பாத்தா பொழைக்கும்."

"காணும் பொங்கல் முடியட்டும். கூட்டம் வர்ற நேரத்துல எடுத்துட்டுப் போறேன்றியே" என்றார் அவர். சுபஸ்ரீ அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கடைசியில் வேலைக்கு நேரமாகி, பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில், கூண்டின் மேல் துண்டைப் போர்த்தி, துளசிங்கமே தெய்வநாயகி வாசலுக்கு எடுத்து வந்தார். அவள் அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தா நாயகி. நீயும் இந்தக் குடும்பத்து ஆளுதான, உன்ன வுட்டுட்டு நாங்க மட்டும் வெச்சினு இருக்கறது நல்லா இல்ல. இன்னிக்கு உன் முறை."

அவள் அவசர அவசரமாகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் கூண்டை வாங்கினாள். அப்போது அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அவர் தெருமுனை தாண்டிய பிறகு துண்டை எடுத்தாள். துரை கூண்டின் அடியில் கறுத்துக் கிடந்தது, இரண்டு கண்ணும் மூடியிருந்தன. விரலால் தண்ணீர் தொட்டு வாயோரம் விட்டாள். தண்ணீர் வழிந்து அவள் மடியை நனைத்தது. உச்சிக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது. முருங்கை மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும்தான் குழி தோண்டினோம்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். பின்னால் தெருவில் நாலு பேர் நின்றார்கள். "எங்க முறையில நல்லாத்தான் இருந்துது. உன் கைக்கு வந்த அன்னிக்கே சாவடிச்சிட்டியே" என்றார் துளசிங்கம், எல்லோருக்கும் கேட்கும்படியாக. நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். யார் முறையில் என்ன நடந்தாலும் அது அவரைச் சேர்ந்தது. வலை கிழிந்தாலும் சரி, மீன் விழுந்தாலும் சரி. தினகரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அரிவாள்மணையை எடுத்து வீசியிருப்பேன்.

தெய்வநாயகி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க வூட்டுக்காரர் செத்தது அவர் முறை அன்னிக்கு. அன்னியோட எங்க வூட்டுக்கு முறையே இல்லன்னீங்க. இன்னிக்குக் காலையில மட்டும் எங்கேருந்து வந்துது மாமா?"

துளசிங்கம் குனிந்து கூண்டை எடுத்தார். செம்பருத்திக் கிளையை உருவி அவள் வாசலிலேயே போட்டார். கூண்டு குடும்பத்துக்குப் பொது என்றார். லவ் பேர்ட்ஸ் வாங்கி விடப் போகிறார்களாம், அதுவும் ஒருநாள் அண்ணன், ஒருநாள் தம்பி. தம்பியின் முறை மறுநாள் என்பதால், கூண்டு அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனது.