மாப்பிள்ளைக்கு எடுத்த சைக்கிள்

தலை தீபாவளிக்கு என் மாமனார் எனக்கு ஒரு சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். இருபத்து நாலு இஞ்ச் ஃபிரேம். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கடைக்காரர் ஒழுங்காக அளவு கேட்டிருக்கிறார். மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு எடுக்கும்போது சின்னது என்ன பெரியது என்ன, இருப்பதிலேயே பெரியதை இறக்கு என்று சொல்லி, லால்குடி கடைவீதி முழுக்கப் பார்க்கும்படி உருட்டிக்கொண்டு வந்தார். பந்தி இலை ஆனாலும் சைக்கிள் ஆனாலும் எங்கள் பக்கத்தில் பெரிதாக இருந்தால்தான் மரியாதை.

அந்த மரியாதையை நான் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து கன்டோன்மென்ட் ஆபீஸ் வரை மிதித்தேன். பெடல் கீழே போனால் கால் எட்டாது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித்தான் மிதிக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு நன்றாகப் பொழுது போயிற்று.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆபீஸில் தை மாதம் ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் குதித்து, காவிரியை நீந்தி அக்கரையில் ஓடத்துறையில் ஏற வேண்டும். அங்கிருந்து சைக்கிளில் ஜீயபுரம் போய்த் திரும்பி, சைக்கிளைப் போட்டுவிட்டுக் காவிரிப் பாலம் வழியாக ஓடி, ஸ்ரீரங்கத்தில், அப்போது கட்டி முடியாமல் நின்ற மொட்டைக் கோபுர வாசலில் முடிக்க வேண்டும். இதற்கு டிரையத்லான் என்று ஒரு பெயர் இருப்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் வருடம் ஆற்றிலிருந்து முதல் ஆளாகக் கரையேறினேன். ஜீயபுரத்துக்குச் சற்று முன்னால் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது, கால் தரைக்கு எட்டவில்லை, அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன். மறுபடி ஏறுவதற்கு ஒரு மைல்கல்லைத் தேடி உருட்டிக்கொண்டு போவதற்குள் மொத்த ஆபீஸும் என்னைத் தாண்டிப் போயிற்று. கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவருக்கு வழியில் பஞ்சர்.

ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளே பெரிய கடைவீதியில் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரரிடம் போனேன். பார் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நிற்கச் சொன்னார்; நிற்க முடியவில்லை. பிறகு விரல் நுனியைப் பெடல்கள் சுற்றும் நடு அச்சில் வைத்துக் கையை நேராக நீட்டச் சொன்னார். ஸீட் அக்குளில் முட்டினால் அளவு சரியாம். ஸீட்டை அடிவரை இறக்கியும் அது என் தோளுக்கு மேலே நின்றது.

“உங்களுக்கு இருபது இஞ்ச்தாங்க சார். இது வண்டி இல்லீங்க, குதிரை.”

லால்குடியில் மாமனார் வீட்டிலேயே ஓர் இருபது இஞ்ச் இருந்தது. என் மைத்துனனுக்கு ஸ்கூலில் படிக்கும்போது வாங்கியது. இப்போது அவன் காலேஜ் போகிற ஆறடி ஆள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க அதையே ஓட்டிக்கொண்டிருந்தான். மாற்றிக்கொண்டால் இருவரும் பிழைப்போம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே மாமனார் முகம் கறுத்துவிட்டது. தீபாவளிக்குச் செய்ததைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். என் மனைவி பின்னாலேயே போனாள்.

“அவர் உயரம் தெரிஞ்சுதானேப்பா என்னைக் கட்டிக் கொடுத்தீங்க? வண்டிய மட்டும் ஏன் வேற ஆளுக்கு எடுத்தீங்க?”

மாமனார் மைத்துனனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எடுத்துக்குங்க. ஆனா ஸ்கூல் பையன் வண்டில போயித் தோத்துட்டீங்கன்னா, நான் ஊர்ல தலைகாட்ட முடியாது மாப்பிள்ளை.”

என் மானத்தை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். அவர் மானத்தையும் கேரியரில் வைத்துக்கொண்டு மிதிக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த தையில், போட்டியன்று முதல் ரயிலில் வந்து, ஓடத்துறையில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார் மாமனார். குழந்தைகளுக்கும் தனியாகப் போட்டி உண்டா என்று எங்கள் ஹெட் கிளார்க் அவரிடம் கேட்டாராம். அவர் தோள் துண்டை எடுத்து ஸீட்டைத் துடைத்தார் என்று மனைவி பிறகு சொன்னாள். நானோ அந்த முறை நீச்சலில் நாலாவதாக ஏறித் தொலைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஜீயபுரம் போகும் கரூர் ரோட்டில் வேகம் எடுத்த பிறகுதான் வித்தியாசம் முழுதாகத் தெரிந்தது. இடுப்பு ஆடவில்லை. மிதித்த மிதியெல்லாம் சக்கரத்துக்கே போயிற்று. ஜீயபுரத்தில் திரும்புவதற்குள் இரண்டு பேரைத் தாண்டிவிட்டேன். திரும்பும்போது எருமைகள் குறுக்கே வந்தன. ஒரு காலை ஊன்றி நின்றேன், வழி கிடைத்ததும் உந்திக்கொண்டு கிளம்பினேன். முன்னால் போன நெட்டை ஆள் எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தார். ஹேண்டில்பார் மேல் குனிந்தபடி அவரையும் தாண்டினேன்.

சைக்கிளை மாமனார் கையில் தள்ளிவிட்டுப் பாலத்தில் ஓடினேன். பாதிப் பாலத்தில் பக்கத்தில் மணிச் சத்தம். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். விடாதீங்க, விடாதீங்க என்று வழி முழுக்கக் கத்தினார். கோபுர வாசலில் நான்தான் முதல். கர்வமாக இருந்தது, மறைப்பானேன்.

கூட்டம் என்னை விட்டதும் அவரைத் தேடினேன். அவர் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. என்னைவிடவும் ஓர் அங்குலம் குட்டை அவர். ஆனால் வாலிபத்திலிருந்து கல்லிலும் வரப்பிலும் ஏறி நின்று இருபத்து நாலு இஞ்சையே ஓட்டி வந்தவர். பார் கம்பிக்கு இரண்டு பக்கமும் பாதங்களை ரோட்டில் முழுதாகப் பதித்து, குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கால் எட்டுது மாப்பிள்ளை” என்றார்.