பஞ்சில் நனைத்த தண்ணீர்

என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை என்னை ஐசியூவுக்குள் விட்டார்கள். சுவாசக் குழாயை எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது தண்ணீர். குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் ஈரப் பஞ்சைக் கையில் தந்தார். நனைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மாலைக்குள் அவர் முகம் வீங்கிவிட்டது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் அடியில் தேங்கியதற்கு மேல் ஏறவே இல்லை. ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன், இதயம் பிரமாதமாக வேலை செய்கிறது, கிட்னியை வேறு டாக்டர் பார்ப்பார் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார், ஏதோ பக்கத்து வீட்டு விவகாரம் போல.

செகந்திராபாத்திலிருந்து வந்திருந்த கணவரின் அண்ணன், வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அந்த ஊர் உருது கலந்த தமிழில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி நக்கோ, குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல. கைக்கு, ஏன் குடுத்தே? இப்பப் பாரு, உடம்பெல்லாம் நீர்."

கொடுக்கவில்லை என்றேன். மனசு கேட்காமல் கொடுத்திருப்பாய் என்றார். என் மகள் பேசாமல் தரையைப் பார்த்தாள். அதுதான் அதிகம் சுட்டது.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று கதவருகிலேயே நின்றேன். வந்தார். இளம் பெண். என்னிடமும் மகளிடமும் அண்ணனிடமும் அந்த ஊர்த் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். இதயத்தை நிறுத்தி மெஷினில் ரத்தத்தை ஓட்டும்போது, ஆள் மயக்கத்தில் இருந்தாலும் உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன்கள் ஏகமாகச் சுரக்கும். அங்கே போகும் ரத்தமும் குறையலாம். பலருக்குத் தானாகச் சரியாகிவிடும். சிலருக்கு, இவரைப் போல, சிறுநீரகமே அடிபடும். பஞ்சுத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். இவ்வளவு விவரம் சொன்னால் வீட்டார் பயந்துவிடுவார்கள் என்றார். நீங்கள் சொல்லாததால் பழி என் தலையில் விழுந்தது என்றேன். 

சில தடவை டயாலிசிஸ் செய்தபின் சிறுநீர் பிரியத் தொடங்கியது. தேறி வீடு திரும்பினார். அண்ணன் ஆப்பிளோடு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, இனிமேலாவது தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதையாக இரு என்றார்.

"டாக்டர் சொன்னப்ப நீங்களும் நின்னு கேட்டீங்க. நான் குடுக்கலைன்னு உங்க தம்பிகிட்ட உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் காப்பி குடிங்க."

அவர் சொல்லவில்லை. காப்பியும் குடிக்காமல் எழுந்து போனார். அண்ணனிடம் போய் இப்படிப் பேசலாமா என்று என் கணவர் என்னைத்தான் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.