மகேந்திரனின் கால் நரம்புகள்

மகேந்திரனின் கைகளைப் பார்த்தால் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்களுக்குப் பொறாமை வரும். முழங்கையிலிருந்து விரல் வரை நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து நிற்கும். டாக்டர்கள் ரத்தக்குழாய் என்பார்கள். அவர் வேலை செய்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எல்லாமே நரம்புதான். நீளக் குழாயின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடியே செம்பனைக் குலை வெட்டிக் காலம் தள்ளிய மனிதருக்கு வேறு எப்படி இருக்கும்?

கால் கதை வேறு. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முறுக்கிக்கொண்டு, முடிச்சு முடிச்சாக, கருநீலமாகக் கிடந்தன. சாயங்காலமானால் கால் கனக்கும், அரிக்கும். படுத்தால் ஆடுசதை பிடித்து இழுக்கும். மனைவி கங்கா எண்ணெய் தேய்த்துவிடுவாள். அவ்வளவுதான் வைத்தியம்.

அறுபது வயதானதும் கலும்பாங் பக்கத்துத் தோட்டம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டுக்கு என்பது பேச்சுக்குத்தான். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆயுசு முழுக்க உழைத்தவருக்கு இந்த மரியாதை! ரவாங் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாளி தேவைப்பட்டார். தங்க ஓர் அறையும் உண்டு. மருத்துவச் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவே.

"இந்தக் காலப் பாத்தா எடுப்பாங்களா?" என்றார் மகேந்திரன்.

"இறுக்கிக் கட்டுனா உள்ள அமுங்கிடும்லா. நீங்க சும்மா இருங்க," என்றாள் கங்கா.

மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்க, துணியைக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டுவது தோட்டத்துப் பழக்கம். அதை அவிழ்க்கும்போது நரம்பு கொஞ்சம் அமுங்கியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த நம்பிக்கையில், சோதனைக்குப் போகிற அன்று காலையிலேயே பழைய சேலையைக் கிழித்து, அட்டைக்குக் கட்டுவதைவிட இறுக்கிக் கட்டிவிட்டாள். டாக்டர் கூப்பிடுவதற்கு முன் கழிப்பறையில் அவிழ்த்துவிடலாம் என்பது திட்டம்.

ரயிலில் உட்கார இடமில்லை. கிளினிக்கிலும் இல்லை. பாதம் வீங்கி, சப்பாத்துக்குள் மரத்துப் போனது. கழிப்பறை எங்கே என்று கேட்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டர் ஷாமளா சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தவள் சிரித்துவிட்டாள்.

"வாவ் அங்கிள்! ஊசி குத்தத் தேடவே வேணாம். ஜிம் போறீங்களா?"

"குலை வெட்டுனேன், டாக்டர். ஏன் சில பேருக்கு மட்டும் இப்படித் தெரியுது?"

"தோலுக்கு அடியில கொழுப்பு கம்மியா இருந்தா தெரியும். வேலை செஞ்சு மசல் பெரிசானா மேல தள்ளிக் காட்டும். வயசானா தோலும் மெலிஞ்சிடும். கையில இருந்தா கவலை இல்ல."

"கால்ல இருந்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது வேற. கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறணும். திரும்பக் கீழ எறங்காம இருக்க, உள்ள சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்கு. வருஷக் கணக்கா நின்னுக்கிட்டே இருந்தா அது லூஸாயிடலாம். ரத்தம் தேங்கி வீங்கிடும். அப்படி உள்ளவங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. உங்களுக்கு இருக்கா அங்கிள்?"

நிற்கக் கூடாதாம். காவலாளிக்கு வேறென்ன வேலை? கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இந்தப் பெண்ணே எல்லாவற்றையும் எழுதிவிடுவாள். அவருக்குத் தூக்கிக் காட்டத்தான் ஆசையாக இருந்தது. அவ்வளவு களைத்திருந்தார். ஆனால் வேலை இல்லையென்றால் அறை இல்லை, கங்காவை எங்கே கூட்டிப் போவது?

"இல்ல டாக்டர்," என்றார்.

"குட்," என்று கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் காத்திருந்த கங்கா ஓடி வந்தாள். "பாஸா?"

"பாஸ்."

"மாரியாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவரை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து, தானே குனிந்து கட்டை அவிழ்த்தாள். துணி பதிந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"அந்தப் பொண்ணு என்னை உக்காரச் சொல்ல வந்துச்சு, கங்கா. நான்தான் சொல்ல வுடல."