கையுறை போட்டு நண்டு தின்றவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்டைக் கொட்டினார்கள். பரிமாறவில்லை, கொட்டினார்கள். மேசை முழுக்கக் காகிதம் விரித்து, பெரிய பிளாஸ்டிக் பையை என் மகன் தலைகீழாகப் பிடித்து உதற, நண்டும் இறாலும் மட்டியும் சோளத் துண்டும் உருளைக்கிழங்கும் சிவப்புக் குழம்போடு சரிந்து விழுந்தன. அமெரிக்காவில் ஏதோ ஒரு பக்கத்துப் பாணியாம். கேஜன் என்று பெயராம். கடைக்காரனே அவித்துப் பையில் கட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்.

பூண்டும் மிளகாயும் மூக்கில் ஏறியதும் எனக்கு எச்சில் ஊறிவிட்டது. பொய் சொல்வானேன்? தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் பாதிப் பல் இன்னும் என் சொந்தப் பல். நண்டுக் காலை உடைக்க எனக்குச் சுத்தியலும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம். கையை நீட்டினேன். பேத்தி பதறிப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, இருங்க லா! கிளவுஸ் போடாம எப்படி?"

நிமிர்ந்து பார்த்தால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையிலும் பிளாஸ்டிக் உறை. அன்றைக்கு வந்திருந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பேத்தியையே பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். பையனின் அம்மா, மரியாதையான அம்மாள்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆமாங்க ஐயா, இல்லன்னா ரெண்டு நாளைக்குக் கை நாறும்."

நாறுமாமே! அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளட்டும். நண்டு விஷயத்தில் என்னைத் திருத்த எவனும் பிறக்கவில்லை. சைக்கிளில் மீன்கூடை கட்டி விற்றவன், பிறகு ஐஸ் போட்ட லாரிகளை ஜொகூர் முழுக்க ஓட்டியவன். அதை விடுங்கள், சொல்ல வந்தது வேறு.

நண்டை அவித்துக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து தின்ன எங்களுக்கு அமெரிக்காக்காரனா சொல்லிக்கொடுத்தான்? ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலேயே ஜொகூரில் தெப்ரா ஆற்றங்கரையில் நான் அதைச் செய்தேன். எனக்கு அப்போது மீசை அரும்பிய வயது. ரப்பர்த் தோட்டத்தில் முழு ஆள் கூலிக்குப் பேர் போட்டிருந்தார்கள். அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அம்மா, அக்கா அஞ்சலை, நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றங்கரைச் சேற்றில் இறங்கிவிடுவேன். அலையாத்தி மரத்து வேருக்கு அடியில் வளைக்குள் கம்பியை விட்டால், நண்டு கோபத்தில் அதைக் கவ்வும். கவ்வியதை விடாது. அப்படியே இழுத்துக் கொடுக்கைக் கட்டிவிட வேண்டும். கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் கட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு மாதத்தில் அவரைவிட வேகமாகக் கட்டினேன். அவரே தலையில் கை வைத்து "அலமாக்!" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் கேட்டுச் செனாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வரப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். காரணம் எங்கள் பெரிய கங்காணி. அவனுடைய கும்பலில் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு. அக்கா பால் வெட்டினால் பட்டைக்கு உள்ளே மரத்தில் காயம் படாது, பாலும் அதிகம் இறங்கும். அப்படிப்பட்ட தலையை வேறு தோட்டத்துக்கு விடுவானா? ஏற்கெனவே இரண்டு இடத்துச் சம்பந்தம் அவன் போட்ட அதட்டலிலேயே கலைந்து போயிருந்தது. இதுவும் போனால் அக்கா அந்தக் கூலி வீட்டு லயத்திலேயே நரைத்துப் போக வேண்டியதுதான்.

கை நனைப்பது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணை எடுப்பது என்று முடிவு செய்யும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற முடியாது.

நான் அம்மாவிடம் சொன்னேன், வருகிற அன்றைக்கே அவர்களைக் கை நனைக்க வைக்கிறேன் என்று.

"போடா கிறுக்கா. மொதத் தடவை வர்றவங்க எந்த ஊருல கை நனைச்சிருக்காங்க?"

"வாசம் புடிச்சா நனைப்பாங்கம்மா, பாரு."

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை மணல் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டி, நாற்றம் போக்கினேன். லயத்து முன்னால் அடுப்பு. தண்ணீரில் உப்பு, மஞ்சள், நசுக்கிய பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய், மலாய்க்காரர் கொல்லையில் கேட்டு வாங்கிய செரெ என்கிற எலுமிச்சைப் புல். முதலில் மரவள்ளிக்கிழங்கு, பிறகு சோளம், பிறகு நண்டு, கடைசியில்தான் இறால். போன வாரம் வந்த பையில் இறால் ரப்பர் மாதிரி இழுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்திருக்கிறான் மடையன். அதற்குக் காசு வேறு!

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் மாமா, அவர் அம்மா. அந்த அம்மாளை நான் பிறகு ஆயுசு முழுக்க அத்தை என்று கூப்பிட்டேன். கறுத்த, ஒல்லியான மனுஷி, காதில் பெரிய ஓட்டை, வாய் நிறைய வெற்றிலை. வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடப்பதால் வரவில்லை, போய்க் கலந்து பேசித்தான் பதில் சொல்வோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் கண் மட்டும் தகரத்தின் மேலேயே இருந்தது. நான் வேண்டுமென்றே மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்தான். கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை, காலில் சப்பாத்து.

"யாரக் கேட்டுப் பொண்ணக் காட்டுற? என் ஆள வெளித்தோட்டத்துக்கு அனுப்ப ஒனக்கு யாரு உத்தரவு குடுத்தா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"எங்க அக்கா, நாங்க குடுக்குறோம். ஒங்கள எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.

"நேத்து மொளச்ச பய, நீ பேசுறியா?"

சொல்லிக்கொண்டே தகரத்தை எட்டி உதைத்தான். நண்டு, கிழங்கு, சோளம் எல்லாம் மணலில் உருண்டன. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்டால் என் கை விரல்கள் மடங்கிக்கொள்ளும். செத்துப் போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். ஏழை அடுப்பை உதைத்தவன் செத்தால் என்ன, இருந்தால் என்ன?

கொதிதண்ணீர் அவனையும் சும்மா விடவில்லை. சப்பாத்துக்குள் இறங்கியது. ஒற்றைக் காலில் குதித்தான். லயத்துச் சனம் கதவோரம் ஒதுங்கியது. வாசற்படியில் நின்ற அக்கா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தமும் போச்சு, வேலையும் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை எழுந்தார். போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். வெற்றிலையைத் துப்பினார். நேராக வந்து மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பெரிய நண்டாக ஒன்றைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, ஓட்டைப் பிளந்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. நிதானமாக உறிஞ்சித் தின்றார். பிறகு கங்காணியிடம் கையைத் தூக்கிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க கங்காணியாரே. எங் கை நனஞ்சிருச்சு. இனி இது எங்க வீட்டுப் பொண்ணு. இப்ப ஒதைங்க பாப்போம்."

மாப்பிள்ளையின் மாமா, "அக்கா, வீட்டுல கெடக்குற மாமாகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"அவருக்கு என்ன வார்த்தை? மோந்து பாக்கட்டும்."

அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை வாங்கவில்லை. "கழுவ மாட்டேன்டி. இந்தக் கையோடதான் வீட்டுக்குப் போவேன்," என்றார். பிறகு நாங்கள் எல்லோரும் மணலில் உட்கார்ந்து, ஊதி ஊதித் தின்றோம். மாப்பிள்ளை கடைசிவரை தலையைத் தூக்கவில்லை, ஆனால் கிழங்கு முழுவதையும் அவர்தான் காலி செய்தார். கங்காணி நொண்டிக்கொண்டே போனான். அந்தக் கையைக் கழுவாமல் செனாய்வரை போனார் அத்தை.

ஒன்று சொல்லட்டுமா? ஜப்பான்காரன் வந்து, அக்காவைக் கட்டிய மச்சானைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான். திரும்பவில்லை. பிள்ளை இல்லாத அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி ஊரே சொன்னது. அத்தை அனுப்பவில்லை. அந்தப் பஞ்சத்தில் இருந்த கிழங்கில் பாதியைப் பிட்டு அக்காவுக்குக் கொடுத்தார். சாகும்வரை கூடவே வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு அந்த லயம் இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் எண்ண முடியாத மாடி வீடுகள். ஆற்றில் கையை விட்டால் சொறிதான் வரும். அலையாத்தி நின்ற கரையில் சிமெண்டு. நண்டு எந்த நாட்டிலிருந்தோ ஐஸில் உறைந்து வருகிறது. இதெல்லாம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

சிங்கப்பூர்க்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். உறையை உருவிப் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய் மெசேஜ் போடுறோம்," என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்கள். பேத்தி இன்னும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவர்கள் போனதும் நான் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். உறைகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உள்பக்கம் விரலை விட்டேன். வெளியெல்லாம் சிவப்பு எண்ணெய். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.