ஜன்னலில் வைத்த பிரெஞ்சுக் கடிகாரம்

லிந்துலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். நாடு சுதந்திரம் பெற்ற சில வருடங்களில் எங்கள் வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவருடைய பங்களாவில் இரண்டு பிரெஞ்சுக் கடிகாரங்கள் இருந்தன. கணப்படுப்பின் மேலிருந்த கறுப்புச் சலவைக்கல் கடிகாரத்தை வைக்கோலில் பொதிந்து, பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார். அதன் பக்கத்தில் நின்ற சிறியதை எனக்குத் தந்தார். அது பிரயாணத்துக்கென்று செய்தது. பித்தளைச் சட்டம், நாலு பக்கமும் ஓரம் சீவிய கண்ணாடி, தூக்கிப்போக மேலே ஒரு கைப்பிடி, வெள்ளை எனாமல் முகம், நீலம் பாய்ந்த முட்கள். உச்சியிலும் ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தால் உள்ளே ஒரு சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுவது தெரியும்.

பங்களாவில் சமையலையும் மேசையையும் பார்த்தவரைத் தோட்டத்தில் எல்லோரும் அப்பு என்றே கூப்பிடுவார்கள். அது வேலையின் பெயர். வருடக்கணக்காக அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் அவர்தான். துரை அவருக்கு ஒரு பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கடிகாரம் அப்புவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது.

எங்கள் தோட்டத்தில் எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னால் ஓடும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு சீக்கிரம் முடியவேண்டும் என்று எந்தக் காலத்துத் துரையோ செய்த ஏற்பாடு. ஆபீஸ், ஸ்டோர், பங்களா மூன்றிலும் அந்தத் தோட்டத்து நேரம்தான். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டவுன் நேரம். லயத்தில் பிள்ளை பிறந்தால் கடிகார நேரத்தில் அரை மணியைக் குறைத்துத்தான் சாதகம் எழுதுகிறவரிடம் சொல்வார்கள். தோட்டத்துக்குள் எந்த முள்ளைப் பார்த்தாலும் யாரும் யோசிக்காமல் அரை மணி கழித்துவிடுவார்கள்.

கடிகாரம் என் கைக்கு வந்த பிறகு, அதைத் தோல் பெட்டியில் வைத்துத் தலவாக்கலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயில் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். இவ்வளவு நல்ல கடிகாரம் பொய் நேரம் காட்டக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பு ஓட்டியது போல அது என்னிடம் ஓடக்கூடாது என்பதுதான் உண்மை. மறுநாள் காலை அதை ஆபீஸ் ஜன்னலில் ரோட்டைப் பார்க்க வைத்தேன். நேரத்தை மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலை அப்பு நுவரெலியாவுக்குப் போகவேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியிருந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களைக் குடும்பம் குடும்பமாக விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. நான் யாழ்ப்பாணத்தான், பிறப்பால் பிரஜை. எனக்கு அந்த விசாரணை இல்லை.

அப்பு கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மனைவியோடும் இரண்டு மகள்களோடும் இறங்கி வந்தார். ஆபீசுக்குக் கீழே வளைவில்தான் ஏழு மணி பஸ் நிற்கும். ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடடே, நம்ம கடியாரம்! துரை வீட்டுல குளிர்காஞ்சிக்கிட்டு இருந்துச்சு, இப்ப ஜன்னல்ல காவலுக்கு நிக்குது."

வாசலில் நின்ற, மலையில் ஆட்களை வேலைவாங்கும் கணக்கப்பிள்ளை சிரித்தார். "பெத்த புள்ளைய தத்து குடுத்த மாதிரியில்ல பேசுற!"

"பின்ன? இத்தன வருஷம் நாந்தானே அதுக்கு சோறு போட்டேன். கிளாக்கர் ஐயா கையில எளைச்சிருமோ என்னமோ. ஐயா, சாவிய ரொம்ப முறுக்காதீங்க. கழுத்த நெரிச்சிருவீங்க."

கணக்கப்பிள்ளை இன்னும் பெரிதாகச் சிரித்துவிட்டுத் தேயிலை மலைக்குப் போனார். நான் சிரிக்கவில்லை. அப்புவின் மனைவி, "நேரமாச்சுங்க, ரோட்டுக்குப் போவோம்" என்றார்.

"பொறு புள்ள. கடியாரத்த பாரு, ஏழுகூட ஆகல. டவுன் நேரம் இன்னும் ஆறரை இல்ல. பனியில போயி நிக்கிறதுக்கு இங்கின ஒக்காரு."

ஆபீஸ் படியில் உட்கார்ந்தார்கள். அவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. "அப்பு, அது டவுன் நேரம்" என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன். வேலையில் மறந்துவிட்டேன் என்று பின்னால் பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. சின்ன மகள் எதற்கோ சிணுங்கியதும், அப்பு அவள் காதுகளைத் துண்டால் கட்டிவிட்டதும்கூட நினைவிருக்கிறது.

கீழே பஸ் ஹார்ன் கேட்டது. அவர்கள் ஓடினார்கள். நான் எழுந்து கடிகாரத்தின் பின்கதவைத் திறந்து, சாவியால் முட்களை அரை மணி முன்னால் தள்ளினேன். அரை மணிக்கான ஒற்றை அடி விழுந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

அப்பு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஜன்னல் முன் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏழரை காட்டுதே. அப்ப நான் பாத்தது ஏழு இல்லியா?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பேரேட்டைப் புரட்டினேன்.

"முள்ள மாத்தி பாத்துட்டேன் போல" என்றார்.

அடுத்த பஸ்ஸில் போனார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. சில வாரம் கழித்து மேல்முறையீடு எழுத என்னிடமே வந்தார். வேறு யாரிடம் போவார்? "பஸ் பழுதாப் போச்சுதெண்டு எழுதுவமே?" என்று கேட்டேன்.

"வேணாங்கய்யா, டிரைவர கூப்பிட்டு கேட்டா வம்பு. வவுத்து வலின்னு போடுங்க. வவுத்த யாரும் கூப்பிட்டு கேக்க மாட்டாங்க."

எழுதினேன். தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு லயத்தில் அவருக்கு மணி பார்க்கத் தெரியாதவர் என்று பெயர் வந்தது. பிள்ளைகள் வேண்டுமென்றே வழி மறித்து நேரம் கேட்பார்கள். மனைவியும், உப்புக் கூடினாலும் குறைந்தாலும், "நீங்க பாத்த மணி மாதிரிதான்" என்பார். புதிய துரையின் பங்களாவில் மேசைக்கு வேறு ஆள் வந்தார். அப்பு மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டப் போனார். நான் சம்பள உயர்வு வாங்கினேன். கடிகாரத்தை ஜன்னலிலிருந்து எடுத்து வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். வருடங்கள் போயின. அவரைத் தினமும் பார்த்தேன். பார்த்தால் தலையசைப்பேன்.

அறுபதுகளின் நடுவில் இந்த மக்களை இந்தியாவும் இந்த நாடும் பங்கிட்டுக்கொள்வதென்று முடிவானது. தன் முறை வரட்டும் என்று அப்பு காத்திருக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். மூத்த மகளை மஸ்கெலியாவில் பிரஜாவுரிமை கிடைத்த ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் இங்கேயே இருக்கவேண்டியவள். மற்ற மூவரும் இதுவரை பார்த்திராத ஊருக்குப் போகிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தின பின்னேரம் நான் லயத்துக்குப் போனேன். அங்கே போகும்வரை சொல்வேன் என்று நினைக்கவில்லை. அப்பு எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். ரயில் நேரத்துக்கு வைத்தது, அவர் கணக்குப் போட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு முள்ளைத் தள்ளியது, எல்லாவற்றையும். ஆபீசில் ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்தனா ஐயா?"

"ஓம்."

உள்ளே திரும்பினார். "ஏ புள்ள, கேட்டியா? நான் பாத்தது ஏழுதானாம். முள்ள மாத்திப் பாக்கலியாம் நான். ஐயாவே சொல்றாரு." அவர் குரலில் இருந்தது சந்தோஷம்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மனைவி அம்மி, பானை, சட்டிகளை ஒரு சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப அது தெரிஞ்சி என்னத்த பண்ண" என்றார். "யாராவது இந்த சாக்க புடிங்க."

அப்பு நின்ற இடத்திலேயே நின்றார். நான் குனிந்து சாக்கின் வாயைப் பிடித்தேன். அவருடைய மனைவி கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.