பின்னல் போடும் வரைக்கும் ஒருபொழுது

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில், மதியம் நெருங்கிவிட்டால் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். மாடிப்படியில் எதிரே வருகிறவர், லிஃப்டில் நிற்கிறவர், கழிவறையில் கை கழுவுகிறவர்கூட அதையே சொல்லிவிட்டுப் போகிறார். நம் ஊர் "சாப்டியா?" போல இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்படியெல்லாம் இல்லை. "சாப்டியா?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், இல்லை என்று சொன்னால் கேட்டவர் லேசில் விடமாட்டார். இங்கே அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினி கிடக்கிறீர்களா என்பது அவர்களுடைய கவலை அல்ல. சாப்பிடாமல் இருக்கும் நோய் என்னைப் பிடித்திருந்த காலத்தில், எல்லாரையும்விடச் சத்தமாக "மால்ட்சைட்" சொல்லிவிட்டு நேராக என் மேசைக்குத் திரும்பியவள் நான்.

நோய் என்றுதான் சொல்கிறேன். கடலூரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால், "சோறு இருந்தும் திங்காம கெடந்தாளாம், அதுக்குப் பேரு நோயாம்" என்பார்கள். சொல்லட்டும். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோதே அது தொடங்கிவிட்டது. எங்கள் வீடுகளில் ஒரு பெண் விரதம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. திங்கட்கிழமை என்று ஆரம்பித்தேன், வெள்ளி சேர்ந்தது, சஷ்டி சேர்ந்தது, பிரதோஷம் சேர்ந்தது. "எம் பொண்ணு பல்லுல தண்ணி படாம இருக்கா" என்று அம்மா தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மனிக்கு வந்த பிறகு என் குழுத் தலைவர், நான் ஏன் மதியம் கேன்டீனுக்கு வருவதில்லை என்று ஒருமுறை கேட்டார். மத விரதம் என்றேன். அவர் முகம் சிவந்து, கேட்டதற்கு மன்னிப்புச் சொல்லி, இனி யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இரண்டு நாடும் சேர்ந்து என்னை மிகுந்த மரியாதையோடு பட்டினி போட்டன.

பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறைச் சல்லடையில் என்று எங்கே பார்த்தாலும் முடி. இங்கே இருக்கும் தமிழர்கள் எல்லாரும் ஒரே குரலில் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். "சுண்ணாம்பு ஜாஸ்திங்க, ஷவர்ல ஃபில்டர் மாட்டுங்க." மாட்டினேன். அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சி அனுப்பினாள், செம்பருத்திப் பொடி அனுப்பினாள், கண்ணேறு பட்டிருக்கும் என்று ஒரு கயிறும் அனுப்பினாள். எல்லாவற்றையும் செய்தேன், சாப்பிடுவதைத் தவிர. கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மாள் என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, என் சட்டைக் கையை மேலே தள்ளினார். முழங்கைக்குக் கீழே பூனை முடி அடர்ந்திருந்தது. தலையில் போனது கையில் முளைத்திருக்கிறது என்று நானே வேடிக்கையாக நினைத்துக்கொண்டிருந்த முடிதான். "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்றார். "எங்கள் மதத்தில்..." என்று தொடங்கினேன். "உன் மதத்தைக் கேட்கவில்லை, நேற்றைக் கேட்கிறேன்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

அங்கிருந்து, சாப்பிடாமல் இருக்கும் நோய்க்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வைத்தியம் என்றால் பெரும்பாலும் சாப்பாடுதான். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும், பிறகு மனசில் என்ன ஓடியது என்று பேச வேண்டும். ஒவ்வொரு வாயும் ஒரு சண்டை. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லித் தொலைக்காத ஒன்று உண்டு: சாப்பிட ஆரம்பித்த பிறகும் முடி கொட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று ஆத்திரம் வந்தது. அங்கிருந்த டாக்டர் விளக்கினார். உடம்புக்குச் சோறு வந்து சேர்ந்தால் இதயம், எலும்பு, இரத்தம் என்று முக்கியமானவர்கள் முதலில் வாங்கிக்கொள்வார்கள், முடி ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள், அதன் முறை வர மாதக்கணக்கில் ஆகும். ரேஷன் கடை என்று அவர் சொல்லவில்லை, நான் அப்படிப் புரிந்துகொண்டேன். சரி, வரிசை நகரும்வரை நகரமாட்டேன் என்று முடிவு செய்தேன். மிச்சமிருந்த மெலிந்த கூந்தலைக் காதோடு வெட்டிக்கொண்டேன். தட்டைக் காலி செய்தேன். ஒரு நாள் காலையில் கண்ணாடியில், நெற்றியோரம் முழுக்கக் குட்டைக் குட்டையாகப் புதுமுடி விறைத்துக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்காத கோலம்தான், ஆனால் அன்று நான் வேலைக்கு லீவு போட்டுக் கொண்டாடினேன்.

அம்மாவிடம் வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னது முடி வெட்டிய மறுநாள். அவள் முதலில் பார்த்தது தலையைத்தான். அழுது முடித்து, "வயித்துல இன்னாடி கோளாறு?" என்றாள். வயிற்றில் இல்லை, மனசில் என்றேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ வேளாவேளைக்கு சாப்புடு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அங்கிருந்துகொண்டு இவள் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து ஒரு மாத விடுப்பில் போனேன். சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. எனக்குச் சொந்தக்காரர்களை நினைத்துத்தான் பயம். இங்கே யாரும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அங்கே வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அப்படியே நடந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தை என்னை ஓர் ஓரமாக இழுத்து, பையிலிருந்து ஒரு சவுரி முடியை எடுத்தார்.

"இத வச்சிக் கட்டிக்க. நாலு பேரு பாக்குற எடம்."

"வேணாம் அத்த. எனக்கு முளைச்சது இருக்கு."

"இன்னா முளைச்சிருக்கு? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்க."

"இருக்கட்டும். இது நான் சாப்ட்டு வளத்தது."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜெர்மனியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கலாம். பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஒருத்தி, "ஃபாரின்ல நல்லா பூசுனாப்புல ஆயிட்ட" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு முன்பெல்லாம் நான் இலையை மடித்திருப்பேன். கை நின்றது. பிறகு எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சோறு என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பாயசம் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். எழுந்தபோது பரீட்சை எழுதி முடித்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பின்கட்டில் சத்தம் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, சாம்பார் வாளியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. தம்பி ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தான். அம்மாவுக்குச் சுகர் உண்டு, வருஷக்கணக்காக மாத்திரை போடுகிறவள், சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். "புழுக்கம்டா, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். வந்த நாளிலிருந்து மதியம் அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எனக்குப் போட்டுவிட்டு "அப்புறமா சாப்புடுறேன்" என்பாள், காலையில் "ஆயிடுச்சி" என்பாள். கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது, நானே வருஷக்கணக்கில் பேசிய பேச்சு, எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

"எப்பலேந்து சாப்புடாம இருக்க?" என்று கேட்டேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "சாப்புடாம இல்லடி. ஒருபொழுது. ராத்திரி சாப்புடுறேன்ல."

"எதுக்கு ஒருபொழுது?"

"திருவதிகையில வேண்டிக்கிட்டேன். வயித்து நோவு தீத்த சாமியாச்சே. ஒனக்கு பின்னல் போடுற அளவுக்கு முடி வளர்ற வரைக்கும் ஒரு வேளைதான் சோறுன்னு."

நான் வேளாவேளைக்கு ஒவ்வொரு பருக்கையாகச் சண்டை போட்டு விழுங்கிய அந்த வருஷம் முழுக்க, என் முடிக்காக ஊரில் இவள் பட்டினி கிடந்திருக்கிறாள். பட்டினியால் போன முடியைப் பட்டினி கிடந்து வரவழைக்கப் பார்த்திருக்கிறாள். இந்தக் கூத்து நம் ஊர்த் தாய்மார்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாது. எனக்குக் கோபமான கோபம். "நீ சாப்புடலன்னா நானும் சாப்புட மாட்டேன்" என்பதுதான் நம் வீடுகளில் கை எட்டும் தூரத்தில் இருக்கும் ஆயுதம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை மட்டும் நான் சொல்லக் கூடாது. ஒரு வேளை விட்டால் எனக்கு அடுத்த வேளையும் போகும், அதற்கடுத்ததும் போகும், எவ்வளவு சுகமாகப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று மாலை கடலூர் வீட்டுக்குத் திரும்பியதும், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே முழுசையும் சாப்பிட்டேன். "அழுதுகினே திங்காதடி, பொறையேறும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். சீப்பை நீட்டினேன்.

"பின்னு."

"இதுல எங்கடி பின்றது?"

"மூணு கால் பிரிக்க வருதா பாரு."

பிடரிவரை வந்திருந்த முடியை அம்மா வாரினாள். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவியது. குட்டை முடியையெல்லாம் ஹேர்பின் குத்தி அடக்கினாள். மூன்றாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று மடிப்பு, அதற்குள் முடி தீர்ந்துபோனது. ரப்பர் பேண்டைச் சுற்றினாள்.

"எலி வாலு மாதிரி இருக்கு."

"வேண்டிக்கிட்டப்ப இத்தன மொழம்னு சொன்னியா?"

"சாமிகிட்ட போயி யாராவது அளவு சொல்லுவாங்களா?" சீப்பில் சிக்கிய முடியை எடுத்தாள். "ஏமாத்துற மாதிரி இருக்குடி."

"யாரம்மா ஏமாத்துறா? தொட்டுப் பாரு. இது நீ பட்டினி கெடந்ததால வந்ததில்ல. நான் தின்ன சோத்துல வந்தது. நீ கெடந்த பட்டினியில ஒன் தல கிறுகிறுத்ததுதான் மிச்சம். எனக்கு இன்னும் வளரும், நான் சாப்ட்டுக்கினே இருப்பேன். நீ இருக்கணும்ல பாக்குறதுக்கு?"

அவள் என் பின்னந்தலையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். புதுமுடியின் நுனி அவள் உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும். "சொரசொரன்னு இருக்கு" என்றாள். பிறகு எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள்.

பண்ருட்டி பஸ் பிடித்துத் திருவதிகைக்குப் போனோம். சன்னதியில் தீபாராதனை காட்டும் நேரத்தில் அம்மா என் தோளைப் பிடித்து அப்படியே திருப்பிவிட்டாள். சாமிக்கு முதுகைக் காட்டி நான் நின்றேன். குருக்கள், "ஏம்மா, சாமிக்கு முதுகு காட்டலாமா?" என்று பதறினார். "பின்னலக் காட்டணும் சாமி, அதான் வேண்டுதல்" என்றாள் அம்மா. அவர் என் எலி வாலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இன்னொரு முறை கற்பூரத்தை ஏற்றி நிதானமாக என் பின்னந்தலைக்கு நேரே காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு சாப்பாடு சொன்னோம். அம்மா முதல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிந்ததுதான், அதனால் நான் என் இலையிலேயே கண்ணாக இருந்தேன். சாப்பிட்டாள். வத்தக்குழம்புக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை. மிச்ச விடுப்பு முழுக்க மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகும், அம்மா மதியம் சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்து அனுப்புகிறாள். சில நாள் மறந்துவிடுவாள். நான் போன் போட்டுத் திட்டுவேன்.

போன வாரம் இங்கே முடி திருத்தப் போயிருந்தேன். அந்தப் பெண் என் முடியைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல அடர்த்தி வந்துவிட்டது, நுனிதான் ஒழுங்கில்லை, எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனி, மருத்துவமனை மேசையில் அழுதுகொண்டு தின்ற ரொட்டியில் வளர்ந்தது. வேர்ப்பக்கம், திரும்பி வந்த பிறகு இங்கே என் அடுப்பில் பொங்கிய சோற்றில் வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, ஒரு மாத விடுப்பில் அம்மாவும் நானும் சேர்ந்து சாப்பிட்டதில் வளர்ந்த ஒரு நகக்கண் அளவு கடலூர் இருக்கிறது. அந்த இடம் வரைக்கும் கத்தரி வரக் கூடாது என்று மட்டும் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டாள். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.