புகார் மேசையில் சித்தப்பா

என் சித்தப்பா குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசையில் வேலை பார்த்தார். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, கலங்கலாக வருகிறது என்று ஊரில் யார் போன் செய்தாலும் எடுப்பது அவர்தான். அவருக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரோடு போனில் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தெரியாமல் இருந்ததில்தான் அவருக்குப் பெருமை.

அவர் வேலை செய்கிற விதத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். வலது காதில் போன். இடது காதில் கம்ப்யூட்டரின் குரல். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. ‘பெயர்’, ‘தெரு’, ‘என்ன குறை’ என்று புகார்ப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அது சொல்லச் சொல்ல, மறுகாதில் கேட்பதை இவர் தட்டச்சு செய்துகொண்டே போவார். அந்தக் குரலை அவர் வைத்திருந்த வேகத்தில், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலத்தான் எனக்குக் கேட்கும். “ஆபீஸ்ல ரெண்டு காதும் ரெண்டு வேலை பார்க்குது. வீட்டுல மட்டும் நான் சொல்றதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுறாரு” என்பாள் சித்தி.

அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அல்ல. அதே அலுவலகத்தில் குழாய் ஃபிட்டராகத்தான் சேர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கியது. முதலில் சாயங்கால வேளையில், பிறகு ஓரங்களில். நரம்பு கெட்டுவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேலை போய்விடுமே என்று சித்தப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள், தானே தோண்டிய பள்ளத்தில் தானே விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபிட்டர்கள் இன்றைக்கும் அவர் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் சிரிக்காமல் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அலுவலகம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தது. சம்பளம் வந்தது. வேலை இல்லை. காலையில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து வருவார். வருகிறவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். குடை, பை எதையாவது கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்கள். பார்வை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த நாற்காலியைத் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதிகாரிகளின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, புகார் மேசையை வாங்கினார். அப்போதுதான் ஃபிட்டர்கள் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு கத்துகிறவர்களிடமும் செய்தி வாசிப்பது போல நிதானமாகப் பேசுவார், அதனால்.

இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸ் மிகப் பழையது, வைரஸ் எளிதில் நுழைகிறது, ஆகவே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும். யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த இயங்குதளம் அது. சிக்கல் என்னவென்றால், புகார்ப் படிவம் விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. தனக்கு மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரை விட்டு வைக்கும்படி சித்தப்பா கேட்டுப் பார்த்தார். ஒன்றை விட்டாலும் அது வழியாகத்தான் வைரஸ் வரும் என்று சொல்லி, எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

மாற்றி வைக்க வந்தவர் சின்ன வயதுக்காரர். அலுவலகமே அவரைக் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்றது. நல்ல மனுஷர். விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓட வைக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் வைன், அதை நிறுவிவிட்டால் பழைய படிவம் அப்படியே ஓடும் என்றார். குடிக்கிற பெயரை வைத்தால் வேலை எப்படி உருப்படும் என்று வீட்டில் சித்தி கேட்டாள். சித்தப்பா தம்பியிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், ஆனால் இரண்டு முறை கேட்டார்: குரல் வருமா? புரோகிராம் ஓடினால் எல்லாமே ஓடும் என்று இரண்டு முறையும் தம்பி சொன்னார்.

மாற்றம் முடியும்வரை உதவிக்கு வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துவரலாம் என்று மேடம் அனுமதி கொடுத்தார். மேடம்தான் அந்த அலுவலகத்தின் அதிகாரி. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அதனால் நான் போனேன்.

அது லேசான வேலையாக இல்லை. கறுப்புத் திரையில் தம்பி கட்டளைகளைத் தட்ட, எழுத்துகள் சரசரவென்று ஓடின. ஓடி முடிந்ததும் படிவத்தைத் திறந்தார். ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று அது மூடிக்கொண்டது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த நகலில் அதைத் தேடிப் போட்டார். இப்போது திறந்தது, ஆனால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. எழுத்துருவைப் போட்டார். பிறகு தெருப் பட்டியல் வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மடியில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் தாண்டி அது திறந்தது. அதே சாம்பல் நிறப் படிவம், மேலே அதே நீலப் பட்டை, ஓரத்தில் அதே தெருப் பட்டியல். தம்பி எழுந்து நின்று சோம்பல் முறித்தார். மேடம் வந்து பார்த்தார். இரண்டு ஃபிட்டர்கள் கை தட்டினார்கள். “வந்துடுச்சு சித்தப்பா, அப்படியே இருக்கு” என்று நானும் சொன்னேன். எங்கள் யாருக்குமே உறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு விசையைத் தட்டினார். காத்திருந்தார். இன்னொரு முறை தட்டினார்.

“தம்பி, சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கீங்களா?”

தம்பி ஒலியைக் கூட்டினார். வயரைப் பிடுங்கிச் செருகினார். ஹெட்செட்டைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். லினக்ஸுக்கென்று சொந்தமாக ஒரு வாசிக்கும் குரல் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் அது நன்றாகவே பேசியது. இந்தப் படிவத்துக்குள் வந்ததும் அதன் தலைப்பை ஒருமுறை சொன்னது, அதோடு வாயை மூடிக்கொண்டது. தம்பியின் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன்.

“சார், நடுவுல இருக்கிற இந்த வைன் சாஃப்ட்வேர் படத்தை மட்டும்தான் இந்தப் பக்கம் தள்ளுது. எது பேரு, எது தெருன்னு குரலுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டேங்குது. அதுக்கு இது சுவத்துல ஒட்டின போட்டோ மாதிரி.”

“திறந்துடுச்சுன்னு சொன்னீங்களே.”

“திறந்துதான் சார் இருக்கு.”

“யாருக்குத் தம்பி திறந்திருக்கு?” என்றார் சித்தப்பா.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். ஃபிட்டர்கள் மெல்ல வெளியே போய்விட்டார்கள்.

தம்பி விட்டுவிடவில்லை. மறுநாள், விண்டோஸில் பேசுகிற பழைய குரலையே கொண்டுவந்து அதே வைனுக்குள் நிறுவினார். அது பேசியது. தன் பெயரைச் சொல்லி வணக்கம்கூடச் சொன்னது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். படிவத்துக்குப் போய் முதல் கட்டத்தில் நின்றார். ‘தெரியாதது’ என்றது குரல். அடுத்த கட்டம். ‘தெரியாதது.’ அதற்கடுத்தது. ‘தெரியாதது.’ சித்தப்பா கடைசிக் கட்டம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்செட்டைக் கழற்றினார்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். படிவம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பெயருக்குப் பிறகு எத்தனை தட்டு தட்டினால் தெரு, தெருவுக்குப் பிறகு எத்தனை தட்டில் குறை என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். குரல் இல்லாமலே செய்துவிடலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாரக் கடைசியோடு நான் வருவது போதும் என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் சித்தி அன்றைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு துணி மடித்தாள்.

அடுத்த வாரம் நடந்தது இதுதான். ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் வெவ்வேறு பகுதிகளில் இருந்தால், எந்தப் பகுதி என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் நடுவில் முளைக்கும். பழைய நாட்களில் குரல் அதைச் சொல்லிவிடும். இப்போது முளைத்ததை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. வழக்கம் போல அடுத்த விசையைத் தட்டினார். தவறான பகுதி பதிவாகிவிட்டது. ஃபிட்டர்கள் ஊரின் மறுகோடிக்குப் போய், ஒரு குறையும் இல்லாத சாலையைத் தோண்டிப் பார்த்துவிட்டு அவரைச் செல்லமாகத் திட்டினார்கள். உடைந்த குழாய் இருந்த தெருவில், தண்ணீர் நாள் முழுக்க வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தெருக்காரர் ஒருவர் முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு அலுவலகத்துக்கே வந்தார். போனை எடுத்தவன் எவன், கூப்பிடு அவனை என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். சித்தப்பா எழுந்து, நான்தான் என்று சொன்னார். அந்த ஆள் அவருடைய கண்களைப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார். பரவாயில்லை சார், உட்காருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இதை அன்று சாயங்காலம் சித்தப்பா எங்களிடம் சொன்னபோது சித்தி, நல்ல மனுஷன், அதோடு விட்டாரே என்றாள்.

“திட்டியிருந்தா தேவலை. திட்டிக்கிட்டேதான் வந்தாரு. என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டாரு.”

சித்தி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மேடம் கடுமையானவர் இல்லை. அழைத்து உட்கார வைத்து, புது நிரல் வரும்வரை ஓய்வாக இருங்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று சொன்னார். போனை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். நாற்காலி, இந்த முறை உள்ளே, மின்விசிறிக்குக் கீழே. அது மட்டும்தான் வித்தியாசம். புது நிரல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வைனைச் செய்கிறவர்களுக்கு இணையத்தில் தம்பி எழுதிக் கேட்டார். இந்தக் குறை எங்களுக்கும் தெரியும், ஆள் கிடைத்தால் செய்வோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. தம்பி அதைச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினார். நன்றி சொல்லுங்கள் என்றார் சித்தப்பா.

இப்போதும் அவர் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். வீடு திரும்பியதும் சித்தி முன்பெல்லாம் கேட்பாள், இன்றைக்கு எந்தத் தெரு, யார் கத்தினார்கள் என்று. அவரும் ஒவ்வொருவரின் குரலிலும் பேசிக் காட்டுவார், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்போது அவள் கேட்பதில்லை. என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலேயே தண்ணீர் வருவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழக்கத்தில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். சித்தப்பா அசையவில்லை. சித்திதான் அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். புதிதாக வந்தவர் எடுத்தார். குழாய் எந்தப் பக்கமாகப் பிரிகிறது என்று ஏதோ கேட்க, சித்திக்குச் சொல்லத் தெரியவில்லை. போனைச் சித்தப்பாவின் கையில் வைத்தாள்.

அவர் சொன்னார். தெரு, பகுதி, அடையாளம், குறை, எல்லாம் வரிசையாக, நிதானமாக. மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அந்தப் புது ஆள், “பேரு சொல்லுங்க சார்” என்றார்.

சித்தப்பா போனை மறு காதுக்கு மாற்றினார். லைனில் இருக்கிறீர்களா என்று மறுமுனை கேட்டது.

இருக்கிறேன் என்றார். சித்தியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.